காலிக் கோட்டைக்குள் ஒரு வீடு கட்டுவதாயின்...

காலிக் கோட்டைக்குள் ஒருவர் தமது சொந்தக் காணியில், தமது சொந்தப் பணத்தில் வீடு கட்டுவதாயினும் அது அவருடைய சொந்த விவகாரமாக இருக்க முடியாது. காலி மாநகர சபை, நகர அபிவிருத்தி அதிகார சபை, தொல்பொருள் திணைக்களம், காலி மரபுரிமை மன்றம் என நான்கு வாசற்படிகளை அவர் ஏறி இறங்க வேண்டும். கூரை எவ்வளவு உயரலாம், முன்சுவர் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும், காணியில் எத்தனை பங்கை வெறுமையாக விட வேண்டும், ஓடு எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பனவெல்லாம் அவருக்காக வேறொருவர் தீர்மானித்து வைத்தவை. இதனைக் கொடுமை என்று சொல்பவர்களும் உளர். இது இல்லாவிட்டால் கோட்டையே இல்லை என்று சொல்பவர்களும் உளர். இரு சாராரிடமும் நான் பலமுறை பேசியிருக்கிறேன். இரு சாராரும் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதே இந்த விடயத்தின் சிக்கல்.

இந்தக் கட்டுப்பாடுகள் யாவும் 1988இல் யுனெஸ்கோ காலிக் கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த பின்னர் வந்து சேர்ந்தவை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், வீடு எங்கே நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டினால் பிறந்த ஊர்தான் காலிக் கோட்டை.

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு ஒரு சிறு கோட்டையைக் கட்டினர். 1640 மார்ச்சில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அதன் பின்னர் தீபகற்பம் முழுவதையும் மதிலால் வளைத்து 14 கொத்தளங்களுடன் ஒரு நகரத்தையே உருவாக்கினர். பழைய வாயிலில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் இலச்சினையோடு 1669 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். உலக மரபுரிமைப் பதிவின்படி பரப்பு 52 ஹெக்டேயர். நடந்தே சுற்றி வந்துவிடலாம்.

மதிலுக்குள் நிலம் அளவானது. ஆகவே அதனை அவர்கள் நூல் பிடித்துப் பங்கிட்டனர். மதிலை ஒட்டிச் சுற்றுவீதி, உள்ளே ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நேர்வீதிகள். வீடுகள் பக்கத்தில் இடைவெளி இன்றித் தோளோடு தோள் ஒட்டி, வீதிக் கோட்டிலேயே எழுந்து நின்றன. வீட்டுக்கும் வீதிக்கும் இடையில் தூண் தாங்கிய விறாந்தை. (இந்தச் சொல்லே போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்றதுதான்.) விறாந்தைக்கு மேலாகத் தாழ்ந்து இறங்கும் ஓட்டுக் கூரை. முகப்புக் குறுகியது, காணியோ பின்னோக்கி நீண்டு செல்வது. நடுவே திறந்த முற்றம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அடக்கமான ஒரு சிறு வீடாகத் தெரிவது, உள்ளே சென்றால் முற்றத்துக்கு அப்பால் அறைகள், அவற்றுக்கு அப்பால் அடுக்களை, கிணறு என்று போய்க்கொண்டே இருக்கும். நமது நாற்சார் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதன் நியாயத்தை விளக்கத் தேவையில்லை. பக்கச் சுவரில் யன்னல் வைக்க இயலாத வீட்டுக்கு முற்றந்தான் மூக்கு.

வீதிகளுக்கு அடியிலே கழிவுநீர்க் கால்வாய்களை ஒல்லாந்தர் அமைத்தனர். கடல் பெருகும்போது நீர் உள்ளே புகுந்து, வற்றும்போது அழுக்கையும் சேர்த்து இழுத்துச் செல்லும். திரைத்தன் கொத்தளத்தில் கடல்நீரை இறைக்கக் காற்றாலை ஒன்றும் இருந்தது. ஒல்லாந்தர் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், கந்தோரையும் கக்கூசையும் அவர்களுடைய மொழியிலேயே நாம் சொல்லிவந்திருக்கிறோம்.

1796இல் பிரித்தானியர் வந்தனர். அவர்கள் 1873இல் மதிலை உடைத்துப் புதிய வாயிலொன்றைத் திறந்தனர். அது தவிரப் பெரிதாக எதையும் மாற்றவில்லை. மாற்ற அவசியமும் ஏற்படவில்லை. 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புக்கு அடிக்கல் நடப்பட்டதோடு காலித் துறைமுகத்தின் காலம் முடிந்தது. கப்பல்கள் கொழும்புக்குப் போயின. பணமும் கூடவே போயிற்று. கொழும்பில் என்ன நடந்தது? பணம் வந்த இடத்தில் கோட்டை மதில்கள் 1870ஐ அண்டிய ஆண்டுகளில் இடிக்கப்பட்டன. இன்று கொழும்பில் கோட்டையும் புறக்கோட்டையும் பெயரளவில்தான் இருக்கின்றன. காலியைக் காப்பாற்றியது எந்தச் சட்டமும் அல்ல, வியாபாரம் படுத்ததுதான். இரண்டு மாடி கட்டுவதற்கு எவரிடமும் பணம் இருக்கவில்லை.

சட்டம் என்று வந்தபோது அது முதலில் வந்தது எதிர்த்திசையிலிருந்து. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிரித்தானியர் காலத்துச் சுகாதாரக் கவலையிலிருந்து பிறந்தது. பிளேக் அச்சம் துறைமுக நகரங்களைப் பிடித்திருந்த காலம் அது. நெருக்கமான வீடு நோய்க்கிடங்கு என்பது அக்காலத்து மருத்துவர்களின் முடிவு. எனவே வீதிக்கு இவ்வளவு அகலம், பின்புறம் இவ்வளவு வெறுநிலம், வெளிச்சத்துக்கு இன்ன கோணம் என்று வகுத்தார்கள். இலங்கையின் கட்டட விதிகளைப் புரட்டியவர்கள் 63½ பாகை என்ற விசித்திரமான இலக்கத்தைக் கண்டிருப்பார்கள். லண்டன் மாநகரின் 1894ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டத்திலும் உள்ள அதே கோணம். பின் எல்லையிலிருந்து அந்தக் கோணத்தில் ஒரு கோட்டை மேல்நோக்கி இழுத்தால், கட்டடம் அதற்குள் அடங்க வேண்டும். கணக்கில் அது மிக எளிது. பின்னால் பத்தடி விட்டால் இருபதடி உயரலாம்.

புதிதாக எழும் புறநகருக்கு இது நல்ல விதி. தோளோடு தோள் ஒட்டி நிற்கும் பழைய வீதிக்கோ நஞ்சு. வீதியை அகலிக்க வேண்டும் என்று புதிய கட்டடத்தைப் பத்தடி உள்ளே தள்ளினால், வரிசையில் ஒரு பல் விழுந்த வாய் போலாகிவிடும் அந்த வீதி. விறாந்தைகளின் தொடர் அறுந்துபோகும். பின்னால் நிலம் விட வேண்டும் என்றால் நடு முற்றத்துக்கு இடம் இராது. மரபுரிமைப் பகுதிகளில் கட்டுப்பாடு என்றால் எல்லாவற்றையும் சிறிதாக்குவது என்று பலர் விளங்கிக்கொள்கிறார்கள். அப்படியன்று. ஏனைய ஊர்களில் 'பின்னால் போ' என்று சொல்லும் விதி, கோட்டைக்குள் 'முன்னால் வந்து வரிசையில் நில்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே நாட்டின் கட்டடச் சட்டம் ஒரு மதிலின் இரு பக்கத்திலும் இரு வேறு மொழி பேச வேண்டும் என்பதை அதிகாரிகள் ஏற்றுக்கொள்ளவே நீண்டகாலம் பிடித்தது.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், 1994ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் காலி மரபுரிமை மன்றச் சட்டம் ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன. அவற்றின் சாரம் ஒன்றே. பக்கத்து வீட்டின் கூரையை மீறாதே. வீதிக் கோட்டை விட்டு விலகாதே. சாய்ந்த ஓட்டுக் கூரை போடு. முற்றத்தை மூடாதே.

கூரையில் ஏன் இத்தனை கண்டிப்பு என்று ஒருமுறை அதிகாரி ஒருவரிடம் கேட்டேன். வீதியிலிருந்து தெரியாதபடி பின்புறத்தில் ஒரு மாடியை உயர்த்திக்கொள்ள விட்டால் என்ன என்பது என் கேள்வி. உலகின் பல பழைய நகரங்களில் அப்படித்தான் விடுகிறார்கள். அவர் என்னை மதில்மேல் அழைத்துச் சென்றார். அங்கிருந்து பார்த்தால் கோட்டை முழுவதும் செவ்வோட்டுக் கூரைகளின் அலையாகத்தான் தெரிகிறது. காலியில் மக்கள் ஊரை மேலிருந்து பார்க்கிறார்கள். பின்புறம் என்று ஒன்று இங்கே கிடையாது. அவர் சொன்னது சரியான காரணம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கூரைகளுக்குக் கீழே யார் இருந்தார்கள்?

வெளிநாட்டில் வாழும் தமிழ் வாசகர் பலருக்கு இது புதிதாக இருக்கலாம். தெற்கின் கோடியில், சிங்கள மாவட்டமொன்றின் நடுவில், கோட்டை வீடுகளுக்குள் நெடுங்காலமாக ஒலித்துவந்த மொழி தமிழ். பெட்லர் வீதிக்கு ஒல்லாந்தர் காலத்தில் சோனக வியாபாரிகளின் பெயரே இருந்தது. 1956இன் மொழிச் சட்டத்தின் பின்னர் பறங்கியர் குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறத் தொடங்கியபோது, அவர்களுடைய வீடுகள் பலவற்றை முஸ்லிம் இரத்தின வியாபாரிகளும் கடைக்காரரும் வாங்கினர். வெளிச்சவீட்டுக்கு எதிரே, தேவாலயம் போன்ற தோற்றத்தில் நிற்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலும், 1892இல் தொடங்கிய பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அரபுக் கல்லூரியும் அச்சமூகத்தின் அடையாளங்கள். காலிக்கும் தமிழுக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. சீனக் கடலோடி செங் ஹோ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் மும்மொழிக் கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு மூன்றாவது மொழி தமிழ். தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையின் தென்னாவர நாயனாரைப் போற்றுகிறது. 1911இல் காலியில் அது கண்டெடுக்கப்பட்டபோது ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

2003ஆம் ஆண்டு பத்திரிகைக் கட்டுரை ஒன்றுக்காகக் கோட்டையில் சில நாட்கள் தங்கினேன். லெயின் பான் வீதியில் (கயிறு திரிக்கும் நெடுந்திடல் என்பது அந்த ஒல்லாந்தப் பெயரின் பொருள்) ஒரு முதியவர் என்னை விறாந்தையில் இருத்தித் தேநீர் தந்தார். வீட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்.

"தம்பி, எனக்கு மூனு கொமரு. மேல ஒரு தட்டுக் கட்ட ஏலாதாம். முத்தத்த மூட ஏலாதாம். அப்ப புள்ளைகள நான் எங்க வெக்கிற?"

இதன் பொருளைத் தென்னிலங்கை, கிழக்கிலங்கை முஸ்லிம் சமூகத்தை அறிந்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். பல குடும்பங்களில் மணமானபின் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருகிறார். வீடு மகளுக்கு உரியது. மூன்று மகள்மார் என்றால் மூன்று வீடு வேண்டும். மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ என்றால் வளவுக்குள் இன்னொரு வீட்டை எழுப்பிவிடலாம். கோட்டைக்குள் வளவு ஏது? மேலே போகலாம், அல்லது முற்றத்துக்குள் போகலாம். இரண்டு வழியையும் விதி அடைத்துவிட்டது. மூத்தவருக்காக அவர் ஏற்கெனவே முற்றத்தின் குறுக்கே ஒரு பலகைத் தடுப்பை வைத்திருந்தார். பலகைக்கு எந்த அனுமதியும் தேவையில்லை என்று சிரித்தார்.

அவரைத் தேடி அந்த வாரத்திலேயே இரண்டு தரகர்கள் வந்து போயிருந்தனர். காரணம் இருந்தது. வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்கினால் பெறுமதிக்குச் சமமான தொகையை வரியாகக் கட்ட வேண்டும் என்றிருந்த நூறு வீத வரி 2002இல் நீக்கப்பட்டது. 2004இல் அது மீண்டும் விதிக்கப்பட்டது. இடைப்பட்ட அந்தக் குறுகிய காலத்தில் கோட்டை வீடுகளுக்கு ஐரோப்பாவிலிருந்தும் ஹொங்கொங்கிலிருந்தும் ஆட்கள் வந்தனர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதையே பெரும்பாலும் தடைசெய்து, நெடுங்காலக் குத்தகைக்கு மட்டும் வழிவிட்டது. அதற்குள் பல வீடுகள் கைமாறிவிட்டன.

அந்த முதியவரின் வீடும் கைமாறியது. அடுத்தமுறை நான் போனபோது குடும்பம் தலாப்பிட்டிப் பக்கம் போய்விட்டதாக அயலவர் சொன்னார்கள். கிடைத்த பணத்தில் மூன்று மகள்மாருக்கும் அடுத்தடுத்து மூன்று கொங்கிறீற்று வீடுகள். அவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். வருத்தமாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மகிழ்ச்சியாகவே இருந்தார். மூத்தவரின் வீட்டு மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று, இன்னும் இரண்டு தட்டு எழுப்பலாம் என்று தூண்களிலிருந்து நீட்டி நின்ற கம்பிகளைக் காட்டினார்.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய பழைய வீட்டை வாங்கியவர்கள் விதியை எழுத்துக்கு எழுத்துக் கைக்கொண்டார்கள். சீமெந்துப் பூச்சை உரித்துச் சுண்ணாம்பு பூசினர். தகரம் செருகிய இடத்தில் பழைய ஓடு தேடிப் போட்டனர். பலகைத் தடுப்பு போய்விட்டது. முற்றம் முன்னிருந்த அளவுக்கே திரும்பியது. அதன் நடுவில் ஒரு நீச்சல் தடாகம். விதிப்படி அதில் தவறில்லை: உயரம் கூடவில்லை, கூரை கெடவில்லை, முற்றம் மூடப்படவில்லை. கட்டடத்தின் அளவையும் இருப்பிடத்தையும் அளக்கத் தெரிந்த சட்டத்துக்கு, அதற்குள் எத்தனை தலைமுறை படுத்துறங்க வேண்டும் என்பதை அளக்கும் கோல் இல்லை. சிறிதாகவே இரு என்ற கட்டளை, விருந்தினர் நால்வருக்கு அறை கொடுக்கும் விடுதிக்குச் சுமையன்று. மூன்று மகள்மார் உள்ள குடும்பத்துக்கு அது வெளியேறும் உத்தரவு.

இருப்பவர்களைத் தக்கவைக்க முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2000களின் பிற்பகுதியில் நெதர்லாந்து அரசின் உதவியோடு தனியார் வீடுகளைப் பழுதுபார்த்துக் கொடுத்தார்கள். விறாந்தைகள் மீண்டும் திறக்கப்பட்டன, முகப்புகள் சீராயின. அது நல்ல வேலை. ஆனால் சீரான முகப்பு வீட்டின் விலையையும் ஏற்றிவிடுகிறது. ஏறிய விலை குடும்பத்துக்குள்ளேயே பாகப்பிரிவினையைக் கொண்டுவருகிறது. ஐந்து உடன்பிறப்புகளுக்கு உரிய வீட்டை ஒருவர் வைத்திருப்பதாயின் மற்ற நால்வருக்கும் சந்தை விலை கொடுக்க வேண்டும். எவரால் முடியும்?

சாதாரண குடிமகனுக்கு ஓட்டின் நிறம் வரை சொல்லிக்கொடுத்த அதே காலத்தில் மதிலுக்கு வெளியே வேறொரு காட்சி நடந்தது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் கோட்டை மதில் உள்ளிருந்த வீடுகளைப் பெருமளவு காத்தது. மதிலின் முன்னே திறந்த வெளியில் இருந்த கிரிக்கெட் மைதானம் அழிந்தது. அதனை மீளக் கட்டும்போது பெரிய பார்வையாளர் மண்டபம் எழுப்பப்பட்டது. நகரிலிருந்து வருபவருக்குக் கோட்டையின் முகத்தை அது மறைத்தது. 2007 டிசம்பரில் இங்கிலாந்துடனான டெஸ்ட் போட்டியோடு மைதானம் மீண்டும் திறக்கப்பட்டது. உலக மரபுரிமைக் குழு கவலை தெரிவித்தது, அறிக்கைகள் கேட்டது. 2018இல் மண்டபத்தை அகற்றுவது பற்றி அமைச்சர் மட்டத்திலேயே பேச்செழுந்தது. டெஸ்ட் போட்டிகள் அதன் பின்னரும் அங்கே நடந்தன. மதில்மேல் அமர்ந்து காசின்றி ஆட்டம் பார்க்கும் காலிப் பழக்கத்துக்கு நானும் அடிமை. ஆயினும், ஒரு குடும்பத்தின் ஓர் அறைக்கு இல்லாத இடம் ஒரு மண்டபத்துக்கு எப்படி இருந்தது என்று கோட்டைவாசிகள் கேட்டபோது, பதில் சொல்ல எவரும் முன்வரவில்லை.

இது காலிக்கு மட்டும் நேர்ந்ததன்று. மலேசியாவின் பினாங்கு ஜோர்ஜ் டவுன் நகரத்திலும் தமிழ் முஸ்லிம்கள் ஆழ வேரூன்றிய வீதிகள் உண்டு; சூலியா வீதியும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அவர்களைச் சொல்லும். அங்கு 1948க்கு முந்திய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு, 1997இன் சட்டத்தால் நீக்கப்பட்டு 1999இன் முடிவோடு மறைந்தது. 2008இல் நகரம் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. ஏறியதும் எழுந்த பெரும் சர்ச்சை எதைப் பற்றியது? 18 மீற்றர் உயர எல்லையை மீறும் நான்கு ஹோட்டல் திட்டங்களைப் பற்றியது. அவற்றுட் சில தாழ்த்தப்பட்டன. பத்திரிகைகள் மீற்றர் மீற்றராக எழுதின. வாடகை ஏறி வெளியேறியவர்களை எந்த மீற்றர் கோலாலும் அளக்க முடியவில்லை.

இதனால் உயர எல்லையை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். எடுத்துவிட்டால் பத்தே ஆண்டுகளில் அந்த மதிலுக்குள் கொழும்பின் ஒரு குறுந்தெரு நிற்கும். நான் கேட்பது சிறிய விடயம். குடும்பமாக வசிப்போருக்கும் தொழிலாக நடத்துவோருக்கும் ஒரே விதி ஏன்? உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டில், ஓட்டுக் கூரையின் சரிவுக்குள்ளேயே ஓர் அறையை அமைப்பதற்கு வரைபடமும் உதவிப் பணமும் தரலாமே. நீச்சல் தடாகத்துக்குக் கனத்த கட்டணம் வைத்து அந்தப் பணத்தை இதற்கே எடுக்கலாமே. இதைக் கட்டுரையாக எழுதியிருக்கிறேன், கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். குறித்துக்கொள்வார்கள்.

அண்மைய ஆண்டுகளில் வெள்ளிக்கிழமைகளில் நண்பகலை அண்டிக் கோட்டைக்குள் போகும்போதெல்லாம் புதிய வாயிலில் முச்சக்கர வண்டிகளின் நெரிசலைக் காண்கிறேன். சுற்றுலாப் பயணிகளின் வண்டிகள் அல்ல. தலாப்பிட்டியிலிருந்தும் கட்டுகொடையிலிருந்தும் மீரான் பள்ளிவாசலுக்குத் தொழ வருபவர்கள். தொழுகை முடிந்ததும் வயதானவர்கள் உடனே கலைவதில்லை. லெயின் பான் வீதி வழியாக மெதுவாக நடந்து, எந்த வீடு யாருடையது என்று கூட வரும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். விறாந்தைகளில் நிழல் இருக்கிறது. ஆனால் பல வாசல்களில் சங்கிலி போட்டிருப்பதால் அவர்கள் வெயிலில், வீதியின் நடுவால்தான் நடக்கிறார்கள்.